மின்கட்டணத்துக்கு ஆறு ஆண்டு அவகாசம் வேண்டி

பெறுநர்: உயர்திரு தலைமைப் பொறியாளர், வடசென்னை அனல்மின் நிலையம், அத்திப்பட்டு புதுநகர்.

பொருள்: மின்கட்டணம் செலுத்த ஆறு ஆண்டு அவகாசம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

ரீடிங் எடுத்த 20 நாளுக்குள் பில் கட்டாவிட்டால் வாரியத்து ஆள் வந்து ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார். வருத்தமில்லை. சட்டம் என்றால் சட்டம். ஆனால் அந்தச் சட்டம் தங்களிடம் எவ்வளவு பதவிசாக நடந்துகொள்கிறது என்று பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

நம் நாட்டு நிலக்கரியை 100 டன் எரித்தால் 30, 40 டன் சாம்பலாக நிற்கும். உலர் சாம்பல் சிமென்ட் கம்பெனிக்கு விலைபோகிறது. மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறீர்கள். குழாய்தான் ஆண்டுக்கணக்காக வழியெல்லாம் ஒழுகிக் கொசஸ்தலை ஆற்றுக்கும் ஒரு பங்கு கொடுத்தது. ஆற்றுக்குப் பில் போடாத அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அங்கே ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்களைத் தாங்கள் பார்த்திருக்கலாம். சேற்றுக்குள் விட்ட கை, கலவை குழைத்த கொத்தனார் கையாக வெளியே வருகிறது. கூலிதான் கொத்தனார் அளவுக்கு இல்லை. ஆழம் குறைந்து படகு தரைதட்டுகிறது. செப்பாக்கத்தில் காற்றடிக்கும் நாளில் சோற்றுத் தட்டிலேயே சாம்பல் விழுகிறது. திருநீறு என்று நினைத்துக்கொள்ளலாம்தான், தின்ன முடியாது.

இந்தச் சாம்பலுக்கு எதிராக 2016-இல் மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினார்கள். தீர்ப்பு வந்தது 2022-இல். நான் கேட்கும் ஆறு ஆண்டுக்குக் கணக்கு அதுதான். கூடுதலாக ஒரு நாளும் கேட்கவில்லை.

இன்னொரு முன்னுதாரணமும் உண்டு. புகைபோக்கியில் போகும் கந்தக டைஆக்சைடுக்கு 2015-இல் மத்திய அரசு வரம்பு வைத்து, 2 ஆண்டு கெடு கொடுத்தது. கெடு 2022-க்குத் தள்ளிப்போனது, அப்புறமும் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்கள் கந்தகம் நீக்கும் கருவியே வைக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. கட்டாமலே இருந்தால் பில்லே ரத்தாகும் இந்தத் திட்டத்துக்கு எந்த கவுண்டரில் மனு கொடுப்பது?

1957-இல் பிறந்த வாரியம் 2010-இல் பிரிந்தது, 2024-இல் மறுபடி பிரிந்தது. இப்போது பெயரிலேயே பசுமை உள்ள ஒரு கழகமும் இருக்கிறது. பெயர் மாறினால் பழைய பாக்கி போய்விடும் என்றால் சொல்லுங்கள், மீட்டரை என் மாமனார் பெயருக்கு மாற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மின்நுகர்வோர் ஒருவர், எண்ணூர்.

இணைப்பு: ஆற்றடிச் சேறு, ஒரு பொட்டலம். வீசிவிட வேண்டாம், தங்கள் சரக்குதான். சிமென்ட் கம்பெனி தரும் காசை என் பில்லில் கழித்துக்கொள்ளவும்.