கட்டிலில் கிடப்பவருக்குக் கெடு

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: கை கால் உடைந்தவர்களைச் சுறுசுறுப்பாக்கிய தங்கள் தொண்டுக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166(3).

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

திருமுல்லைவாயிலில் சி.டி.எச். சாலையைத் தினமும் கடந்தும் இன்னும் முழுசாக இருக்கிற ஒருவன் எழுதுகிறேன்.

விபத்து இழப்பீட்டு மனுவுக்கு இருந்த காலக்கெடுவை 1994-இல் யாரோ இரக்கப்பட்டு எடுத்துவிட்டார்கள். அடிபட்டவர்களும் கிட்டத்தட்ட 27 ஆண்டுகள் சோம்பேறித்தனமாக ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தார்கள். தாங்கள் விடுவீர்களா? 2019-இல் சட்டத்தைத் திருத்தினீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட்டாக வேண்டும். தொடை எலும்பில் கம்பி வைத்தவர் வாக்கரோடு நடை பழகும் சமயம் அது. நடை பழக வக்கீல் ஆபீஸ் மாடிப்படியைவிட நல்ல இடம் ஏது!

மற்றவர்களுக்கும் கெடு வைத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. போலீஸ் 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்தில் தர வேண்டும். தீர்ப்பு வந்த 30 நாளில் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்ட வேண்டும். கம்பெனி தாண்டினால் வட்டி ஏறும். அடிபட்டவர் தாண்டினால் மனுவே போச்சு. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் குறுக்கே வந்து, கெடு தாண்டியதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. பெருந்தன்மையோடு மன்னித்துவிடுங்கள்.

எங்கள் ஊரின் முதல் வாகன விபத்து தங்கள் கோப்பில் இருக்காது. தல வரலாற்றில் இருக்கிறது. தொண்டைமான் மன்னன் யானையில் வந்தான். யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கியது. வாளால் வெட்டினான், கொடிக்குள் இருந்த லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் வந்தது. மன்னன் வண்டியை விட்டு ஓடவில்லை. தன் கழுத்தையே வெட்டிக்கொள்ளப் போனான். அடிபட்டவரே அவனைத் தடுத்து, போருக்குத் துணையாக நந்தியையும் அனுப்பிவைத்தார். அதனால்தான் மாசிலாமணீஸ்வரர் கோயில் நந்தி இன்றும் சுவாமிக்கு முதுகு காட்டி வாசலைப் பார்த்து இருக்கிறது. காயத்தின் மேல் சந்தனக் காப்பு.

இந்த வழக்கு இன்று தீர்ப்பாயத்துக்கு வந்தால்? எஃப்.ஐ.ஆர். இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. வருமானச் சான்றும் இல்லை. உண்டியல் கணக்கை நீதிமன்றம் ஏற்குமோ என்னவோ. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “கொடிக்குள் மறைந்திருந்தது மனுதாரரின் கவனக்குறைவு, பாதியைக் கழிக்க வேண்டும்” என்பார். கெடு தாண்டியது தனி.

சாமியை விடுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது கார் தட்டிவிட்டது. வலது மணிக்கட்டு இனி மடங்காது. மருத்துவ வாரியம் ‘30 சதவீதம்’ என்று சான்று தருகிறது. டூலை மயிரிழை உள்ளே தள்ளுகிற கைச்சக்கரத்தை அந்த மணிக்கட்டுதான் திருப்ப வேண்டும் என்பதற்குச் சான்றிதழில் கட்டம் கிடையாது. உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு, பிழைப்பில் எத்தனை போனது என்பது வேறு என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: “இடது கை நன்றாகத்தானே இருக்கிறது?” சனிக்கிழமை கவரில் வாங்கிய கூலிக்கு ரசீது காட்ட முடியாததால் வருமானமும் உத்தேசம்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தங்கள் விலைப்பட்டியல். கொடுங்காயத்துக்கு, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே, பிரிவு 164-இன் கீழ் இரண்டரை லட்சம். இடித்த வண்டி எதுவென்று தெரியாமல் போனால் 50,000. எலும்பு ஒன்றுதான். வண்டி நின்றால் ஒரு விலை, ஓடினால் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே, தூக்கி எறியப்படுகிறவர் தரையில் விழுவதற்குள் நம்பர் பிளேட்டைப் படித்துவிட வேண்டும் என்று பள்ளிப் பாடத்திலேயே சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இருட்டில் படிக்கத் தனிப் பயிற்சி கொடுத்தால் எங்கள் பக்கத்துக்கு உதவும்.

இப்படிக்கு,
இதுவரை மனுதாரர் ஆகாத ஒருவன்,
திருமுல்லைவாயில்.

பின்குறிப்பு, ஊர்க்காரர்களுக்கு: அடிபட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவம் 2-ஐ விசாரணை அதிகாரி பத்து நாளுக்குள் தர வேண்டும், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். இடித்தவர் எந்த ஊராக இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.