உட்கார்ந்த இடத்து நடுவர்

ஒரு கேக்கை வெட்டிய மாத்திரத்தில் அதன் அடி வெந்திருக்கிறதா, வெண்ணெயும் சர்க்கரையும் போதுமான அளவு அடிபட்டிருக்கிறதா, பாதியில் ஓவனைத் திறந்து கெடுத்துவிட்டார்களா என்றெல்லாம் நான் சொல்லிவிடுவேன். இதுவரை ஒரு கேக்கை உருப்படியாகச் சுட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த ஞானமெல்லாம் 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' போட்ட பிச்சை. 2010இல் பிபிசியில் ஆரம்பித்து, 2017இல் சேனல் ஃபோருக்கு இடம் மாறிய போட்டி. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு பெரிய மாளிகையின் புல்வெளியில் வெள்ளைக் கூடாரம் அடித்திருப்பார்கள். உள்ளே வேறு வேலை பார்த்துக்கொண்டு வீட்டில் ஆசைக்குச் சுடுகிறவர்கள் நின்று பிசைவார்கள். ஜெயித்தால் கண்ணாடியில் செய்த ஒரு கேக் ஸ்டாண்ட், ஒரு பூங்கொத்து. பணம் ஒரு பைசா கிடையாது. நம் ஊரில் பாடி ஜெயித்தால் அடுக்குமாடி வீடே தருகிறார்கள். அப்படியிருந்தும் அந்தக் கேக் ஸ்டாண்டுக்காக அவர்கள் விடுகிற கண்ணீரைப் பார்க்க வேண்டும்.

மற்ற ரியாலிட்டி ஷோக்களில் சண்டைதான் திறமை. இங்கே சண்டைக்குப் பஞ்சம். 2013இல் ஒரு பெண் அடுத்தவருடைய கஸ்டர்டைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்து டிரைஃபிளில் ஊற்றிவிட்டார். அந்த சீசனின் ஆகப்பெரிய குற்றம் அதுதான். மறு வருஷம் ஒருவருடைய ஐஸ்கிரீம் ஃபிரிட்ஜுக்கு வெளியே கொஞ்ச நேரம் இருந்து உருகிப்போனது. மனிதர் ஆத்திரத்தில் மொத்தத்தையும் குப்பைத்தொட்டியில் கொட்டினார். நாடே இரண்டுபட்டு, பிபிசிக்கு நூற்றுக்கணக்கில் புகார் போனது. எனக்கு இந்த அளவு வன்முறை போதும்.

ஒவ்வொரு வாரமும் நடுவில் 'டெக்னிக்கல்' என்று ஒரு சுற்று வரும். எல்லோருக்கும் ஒரே செய்முறை, அதுவும் பாதியை அழித்த செய்முறை. எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் என்பதெல்லாம் இருக்காது. 'மாவைத் தயார் செய்யவும்' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். கை பழகியவர் பிழைப்பார். செய்தது யார் என்று நடுவர்களுக்குத் தெரியாமல் வரிசையாக வைத்துவிடுவார்கள். ருசி பார்த்து, கடைசி இடத்திலிருந்து முதல் இடம் வரை சொல்வார்கள். போட்டியாளர்கள் ஓவனுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி இருக்கிறதே, அதற்காகவே நான் ராத்தூக்கத்தை விற்றிருக்கிறேன்.

பால் ஹாலிவுட் என்று ஒரு நடுவர். ரொட்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. ரொட்டியைத் தட்டிச் சத்தம் கேட்பார், கட்டை விரலால் அழுத்துவார், பிய்த்து உள்ளே உற்றுப் பார்ப்பார். ரொம்பப் பிடித்துவிட்டால் பேசாமல் கையை நீட்டுவார். அந்தக் கைகுலுக்கலுக்குப் போட்டிப் பரிசை விட மதிப்பு. இந்தப் பழக்கங்களில் எனக்குச் சுலபமாக வந்தவை இரண்டு: அழுத்துவதும், கையை நீட்டுவதும்.

அழுத்தியது டீக்கடையில். பன்னை எடுத்துக் கட்டை விரலால் அமுக்கி, அமுங்கின இடம் மேலே எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார்: "சார், அது பழுத்துடுச்சான்னு பாக்குறீங்களா?" அமுக்கினதற்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

கையை நீட்டியது வீட்டில். அன்றைக்கு மிளகு ரசம் பிரமாதம். நான் எதுவும் பேசாமல், கண்ணை மட்டும் லேசாகச் சுருக்கி, எழுந்துபோய் மனைவியிடம் கையை நீட்டினேன். அவள் அந்தக் கையில் ரசக் கரண்டியைக் கொடுத்து, "இதைக் கழுவிப் போட்டுடுங்க" என்றாள். முன்பு ஒருமுறை தோசையின் 'டெக்ஸ்சர்' பற்றி நான் சொன்ன கருத்து அவள் மனதில் இருந்திருக்கலாம்.

அந்த வேகத்தில்தான் ஓடிஜி ஓவன் ஒன்று வாங்கினேன். எல்லாம் தெரிந்தாயிற்று, கருவிதான் பாக்கி என்ற நினைப்பு. மே மாதத்துச் சென்னை. மைதா, ஈஸ்ட், உப்பு, தண்ணீர். பிசைந்து மூடி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகும் என்பது செய்முறை. அது குளிரூரில் எழுதியது என்பதும், சூடு ஏற ஏற ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும் என்பதும், மாவு நேரம் தாண்டிப் பொங்கினால் தாங்க வலுவில்லாமல் அமுங்கிவிடும் என்பதும் எனக்குத் தெரியாததா? கூடாரத்தில் எத்தனை பேர் இதில் அடிபட்டிருக்கிறார்கள், எத்தனை முறை நான் சோபாவில் இருந்து "ஓவர்ப்ரூஃப்!" என்று கத்தியிருக்கிறேன்! ஆனாலும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. ஏனென்றால் பேக் ஆஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தபோது மாவு பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழிந்து, புளித்த கள் வாசம் அடித்தது. அதையும் விடாமல் சுட்டேன். மகள் தட்டிப் பார்த்தாள். "சத்தம் நல்லா வருதுப்பா" என்றாள். செங்கல்லைத் தட்டினாலும் வரும்.

பார்த்ததாலேயே செய்ய வந்துவிடும் என்ற இந்த நினைப்பை ஆராய்ந்தும் விட்டார்கள். 2018இல் மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. மேசைவிரிப்பை அப்படியே உருவி, மேலே இருக்கிற தட்டுகள் விழாமல் காட்டும் வித்தையைச் சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு இருபது தடவையும் வீடியோவில் காட்டினார்கள். இருபது தடவை பார்த்தவர்களுக்குத் தங்களாலும் முடியும் என்ற நம்பிக்கை கூடிவிட்டது. டார்ட்ஸ் எறிவதில் நிஜமாகவே செய்யச் சொல்லிப் பார்த்தபோது நம்பிக்கைதான் கூடியிருந்தது, குறி கூடவில்லை. எனக்குப் பிடித்தது அந்த ஆய்வின் இன்னொரு பகுதி. ஜக்லிங் வீடியோ பார்த்தவர்களிடம் அதில் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற கட்டைகளைச் சும்மா கொஞ்ச நேரம் கையில் பிடித்துப் பார்க்கச் சொன்னதுமே நம்பிக்கை இறங்கிவிட்டதாம்.

எனக்கு அந்தக் கட்டை களிமண் வடிவில் வந்தது. பேக் ஆஃபுக்குத் தம்பி மாதிரி 2015இல் வந்தது 'தி கிரேட் பாட்டரி த்ரோ டவுன்'. இங்கிலாந்தின் மட்பாண்ட நகரமான ஸ்டோக்-ஆன்-டிரென்டில் நடக்கும். நடுவர் கீத் பிரைமர் ஜோன்ஸ் ஆஜானுபாகுவான ஆள், நல்ல பானையைப் பார்த்தால் அழுதுவிடுவார். நானும் கூடவே அழுவேன். யாரோ செய்த தேநீர்க் குடுவைக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அப்பா, தன் பள்ளிக்கூடக் களிமண் யானைக்கு "தும்பிக்கை கோணல்" என்று மட்டும் சொன்னதை மகள் இன்றைக்கும் மறக்கவில்லை. அவளே ஒரு பட்டறைக்கு என்னைக் கூட்டிப்போனாள்.

சக்கரத்தில் மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவதுதான் முதல் பாடம். நடு அமையாமல் மேலே எதுவும் எழும்பாது. டிவியில் அதை நாலு விநாடிதான் காட்டுவார்கள். எனக்கு மண் கைக்குள் துள்ளியது. அழுத்தினால் ஒரு பக்கம் ஓடியது, விட்டால் இன்னொரு பக்கம். சொல்லிக்கொடுத்த பெண், "சார், முழங்கையைத் தொடையில ஊன்றிக்குங்க. மண்ணோட சண்டை போடாதீங்க" என்றார். கீத் இதைத்தான் சொல்வார் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். அதற்குள் மண் சக்கரத்தை விட்டுக் கிளம்பியிருந்தது. டீ குடிக்கிற கோப்பையாக ஆரம்பித்தது சூளையிலிருந்து வந்தபோது விளிம்பு சரிந்த ஒரு தட்டு. இப்போது அதில் கொசுவத்தி எரிகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பார்ப்பதை விடவில்லை. பார்க்கிற விதம்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2015 பேக் ஆஃபில் பால் ஜாகர் என்ற சிறை அதிகாரி ரொட்டி மாவிலேயே ஒரு சிங்க முகம் செய்தார், பிடரி மயிர் உட்பட. அந்த வாரத்தின் சிறந்த போட்டியாளர் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. முன்பு நடுவர்கள் பக்கம் நின்று தலையாட்டியவன், இப்போது அந்த மாவு எத்தனை தடவை அவர் வீட்டில் மேடையில் வழிந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறேன். 2018இல் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவை ஜெயித்த சிங்கப்பூர்த் தமிழர் சசி செல்லையாவும் சிறைக் காவலர்தான். இறுதிச் சுற்றில் நூற்றுக்கு 93. சிறைக்கும் சமையலுக்கும் என்ன தொடர்போ, பூட்டிய இடத்தில் பொறுமை வளரும்போல. நான் கணக்குத் துறை.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் அந்த 2015 சீசனில் ஆரம்பியுங்கள். சிங்கமும் அதில்தான், நதியா ஹுசைன் தன் கல்யாண நகைகளால் அலங்கரித்த கேக்கோடு ஜெயித்ததும் அதில்தான். பார்த்து முடித்ததும் ஓடிஜி வாங்கக் கை பரபரக்கும். கடைக்குப் போக வேண்டாம். என்னிடம் ஒன்று இருக்கிறது, பாதி விலை. ஓவனில் எந்தப் பழுதும் இல்லை.