போன் டாக்டரு

அரசு மருத்துவமனையின் மெடிசின் வார்டில் ஹவுஸ் சர்ஜன்கள் பலர் இருப்பார்கள். ‘போன் டாக்டரு’ ஒருவர்தான். பெயர் சூட்டியவர்கள் நோயாளிகள். ஸ்டெதஸ்கோப்பை ஹாஸ்டலில் விட்டு வருவார், பவர் பேங்கை விட மாட்டார். சக்‌ஷன் மெஷினுக்கான பிளக்கில் சார்ஜர் தொங்கினால் அவர் டியூட்டியில் இருக்கிறார் என்று அர்த்தம்.

மருந்துக்கு மெட்ஸ்கேப், ஸ்கோர் போட எம்டிகால்க், மனப்பாடத்துக்கு ஆங்கி, நீட் பிஜிக்கு மேரோ. நடுராத்திரி குழந்தைக்கு எடை பார்த்து மருந்தளவு கணக்கிடும்போது இவையெல்லாம் குலதெய்வம். மறுத்துப் பேசினால் நாக்கு அழுகும். ஆப் கேட்பதை நோயாளியிடம் கேட்கப் போகும்போதுதான் வம்பு.

இருமலும் காய்ச்சலுமாக ஒரு பாட்டி வருகிறார். நிமோனியா. வீட்டுக்கு அனுப்பலாமா, ஐ.சி.யு.வா? 2003-இல் வெளியான ‘கர்ப் 65’ ஸ்கோர் இதற்கென்றே இருக்கிறது. குழப்பம், யூரியா, மூச்சு, பிரஷர், வயது: ஐந்தே கேள்வி.

“பாட்டி, வயசு?”

“மூணாவது பொண்ணு எம்.ஜி.ஆர். மொதலமைச்சரான வருஷம் பொறந்தா சாமி.”

கூகுளில் தேடுகிறார்: 1977. அது மகள் வயது. பாட்டிக்கு 65 தாண்டியிருக்கும் என்று சிஸ்டர் சொன்ன பிறகு ஒரு புள்ளி.

“இன்னிக்கு என்ன தேதி?”

“ஆடி பதினேழு. நாளைக்குப் பெருக்கு. நான் வீட்ல இருக்கணும்.”

அவர் எதிர்பார்த்தது ஆகஸ்ட் 2. குழப்பம் உண்டு, இன்னொரு புள்ளி.

லேப் சீட்டில் யூரியா 36. ஆப் கேட்பது பி.யு.என்., அதாவது யூரியாவிலுள்ள நைட்ரஜன் மட்டும்; 19-க்கு மேலா என்கிறது. நம் லேப்கள் தருவது முழு யூரியா, அதை 2.14-ஆல் வகுக்க வேண்டும் என்பது கண்ணில் படவில்லை. 36 பெரிது, மேலும் ஒரு புள்ளி. மூச்சும் பிரஷரும் சரியாக இருந்தும் மொத்தம் மூன்று. திரை ஐ.சி.யு.வை யோசி என்கிறது. அவர் ஐ.சி.யு.வுக்கு போன் போடுகிறார். பாட்டியோ கட்டிலில் சம்மணமிட்டு, மகள் கொண்டுவந்த இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சிஸ்டர் சுவர்க் காலண்டரைக் காட்டுகிறார். ஆடி 17 சரி. குழப்பம் யாருக்கு என்று கேட்காமல் விட்டது அவர் பெருந்தன்மை. யூரியாவையும் வகுத்துப் பார்த்தால் 17-க்குக் கீழே. மூன்று ஒன்றாகிறது. மாத்திரையோடு பாட்டி பெருக்குக்குப் போகிறார். தப்பு ஆப்பினுடையதல்ல. அது கேட்டதைத்தான் கேட்டது.

இதைச் சொன்னதால் அவரை மக்கு என்று நினைத்துவிடக் கூடாது. வார்டு உறங்கியதும் கேள்வி வங்கியைத் திறப்பார். அங்கே அவர் சிங்கம். நீட் பிஜியில் 200 கேள்வி. சரியென்றால் நான்கு மார்க், தப்பென்றால் ஒன்று போய்விடும். இந்தக் கழித்தல் எலும்பு வரை ஊறிவிட்டது. “எனக்கு என்ன சீக்கு தம்பி?” என்று யாராவது கேட்டால்கூட, சந்தேகம் இருந்தால் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுகிறார்.

காலை ரவுண்ட்ஸ். சீஃப் நிற்கிறார், பின்னால் பட்டாளம்.

“வெளியிலேர்ந்து வர்ற நிமோனியாவுக்கு வழக்கமான கிருமி எதுப்பா?”

மௌனம். கை பாக்கெட்டை நோக்கி நகர்கிறது.

“போனை எடுக்காதே. தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்போ சொல்லு.”

“ஆப்ஷன்ஸ் குடுங்க சார்.”