கோச்சை மாத்துங்கப்பா!

எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள். அண்ணன் பார்ப்பது கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆளை. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி ஆடும் நாளில், மேட்ச் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "பாரு, கையைக் கட்டிக்கினு நிக்கிறான். எங்க உருப்படும்?" என்று ஆரம்பித்துவிடுவார். கோச் கட்டிய கையை அவிழ்த்துக் கத்தினால், "பதறுறான் பாரு, பசங்களுக்கும் அதான் தொத்திக்கும்." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து ஏதாவது குறித்தால், "இன்னா, மளிகை லிஸ்ட்டா?"

அண்ணன் ஒருத்தர் அல்ல; ஸ்டாண்டுக்கு நாலு பேராவது தேறுவார்கள். ஐம்பதை ஒட்டிய வயது, நீல ஜெர்சிக்குள் அடங்க மறுக்கும் தொப்பை, ஒரு காலத்தில் லெஃப்ட் விங் ஆடி முட்டி போன கதை. "முட்டி மட்டும் போகாம இருந்திருந்தா..." என்று நிறுத்திக்கொள்வார். மிச்சத்தை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கோல் வாங்கினால் கோச் தப்பு. கோல் போட்டால் பையன் கெட்டிக்காரன். 2018 மார்ச்சில் பெங்களூருவில் நடந்த ஐஎஸ்எல் ஃபைனலில் மெயில்சன் ஆல்வெஸ் என்ற டிஃபெண்டர் கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். 3-2, கோப்பை நமக்கு. "அந்தக் கார்னரை யாராவது உட்கார்ந்து யோசிச்சு, பழக்கியிருக்கணுமேண்ணே?" என்று கேட்டேன்.

"முட்டினது யார் தலை? மெயில்சன் தலை. கோச்சு தலையா?"

அன்றைக்குக் கோச் ஜான் கிரிகரி. அடுத்த சீசனிலும் அவரேதான், அணியும் ஏறக்குறைய அதேதான். 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, பத்து அணிகளில் பத்தாவது இடம். இதை வைத்து எங்கள் வரிசையில் வருஷக்கணக்கில் வழக்கு ஓடுகிறது. எதிர்க்கட்சி வக்கீல், பின்சீட்டு பேங்க் சார்.

"ஒரே மனுஷன் மார்ச்சுல மேதை, அக்டோபர்ல மடையனா? கேப்டன் செரேனோ போயிட்டாரு. நல்ல ஆள் இல்லாம எவன் வந்தாலும் இதே கதிதான்."

அண்ணன் அசரவில்லை. "ஜெயிக்கிறப்ப டீம் அவரைக் காப்பாத்துச்சு சார். தோக்குறப்பதான் சாயம் வெளுத்துச்சு."

நியாயமாகச் சொன்னால் அண்ணன் பக்கமும் ஒரு சாட்சி உண்டு. 2019-20இல் கிரிகரி விலகியதும், தத்தளித்துக்கொண்டிருந்த அதே பையன்களைச் சீசன் நடுவில் வந்த ஓவன் காயில் ஃபைனல் வரை இழுத்துக்கொண்டு போனார். ஆள் மாறவில்லை, ஆட்டம் மாறியது. அந்த ஒரு சீசனை அண்ணன் ஜாதகம் மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பார்த்தவரிடமெல்லாம் விரித்துக் காட்டினார். அப்புறம் அதே காயில் மறுபடி வந்தார். 2024-25இல் 13 அணிகளில் 11ஆவது இடம்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றார் பேங்க் சார்.

"அது வேற காயில் சார்."

பையன்களைத் திட்ட அண்ணனுக்கு வாய் வராது. மேட்ச் முடிந்ததும் மகனை இழுத்துக்கொண்டு வேலியோரம் போய் செல்ஃபி கேட்க வேண்டியது அவர்களிடம்தானே. கோச் என்றால் அந்தச் சங்கடம் இல்லை. கடல் தாண்டி வந்தவர் என்றால் நம் வசவே புரியாது. புரிந்து திரும்பிப் பார்ப்பதற்குள் ஃபிளைட் டிக்கெட் போட்டுவிடுவார்கள்.

ஒரு தோல்வி ராத்திரி. வெளியே தள்ளுவண்டியில் மணலில் வறுத்த வேர்க்கடலை வாங்கினோம். அண்ணன் பொட்டலத்தைப் பிரித்து என் பைக் சீட்டில் விரித்தார். "இங்க பாருங்க சார், 4-2-3-1." பதினொரு கடலையை அடுக்கினார். கொஞ்சம் தள்ளி, பருமனாக ஒன்று. அதுதான் கோச்.

"இந்த ஸ்டாப்பர் எதுக்கு மேல ஏறுறான்?" ஸ்டாப்பர் வாய்க்குள் போனான். "ரைட் பேக் தூங்குறான்." அவனும் போனான். ஆவேசம் ஏற ஏற நடுக்களம் கரைந்தது. பேங்க் சார் தன் பங்குக்கு ஒரு விங்கரை எடுத்துக்கொண்டார். கடைசியில் கோல்கீப்பரும் கோச்சும்தான் பாக்கி.

"டீமே காலியாயிடுச்சே. கோச் மட்டும் என்ன பண்ணுவாரு?" என்றார் பேங்க் சார்.

அண்ணன் பதில் சொல்லாமல் கோச்சை எடுத்து வாயில் போட்டார். ஒரு கடி. முகம் அஷ்டகோணலாகி, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு, பளிச்சென்ற முகத்தோடு திரும்பி வந்தார்.

"சொத்தை சார்! நான்தான் முதல்லயே சொன்னேனே!"