பழைய சர்வர் விதிகளும் நடுகற்களும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வுப் பொருள்: தருமபுரி மாவட்ட அலுவலகங்களின் மூலையறைகளில், யூபிஎஸ் முனகலுக்கு நடுவே இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸ் சர்வர் 2008 வகையறா. வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்திவிட்டது. வைஃபைக்குள் யார் வரலாம், விபிஎன்னில் யார் நுழையலாம் என்று தீர்ப்புச் சொல்லும் என்பிஎஸ் (நெட்வொர்க் பாலிசி சர்வர்) விதிகள் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஒப்பீட்டுப் பொருள்: இதே மண்ணின் நடுகற்கள்.

மறுதரப்பு: "ஓடுற சர்வர்ல கை வைக்காதீங்க சார்." இக்கொள்கைக்கு நிறுவனர் யாரெனத் தெரியவில்லை, பின்பற்றுவோர் எல்லா அலுவலகத்திலும் உளர்.

ஆய்வு முறை: கல்லைப் பெயர்க்காமல் மைப்படி எடுப்பதே கல்வெட்டியல் மரபு. சர்வரில் கை வைக்காமல் அதன் விதிகளைப் பட்டியலெடுக்கவும் அதுவே வழி. என்பிஎஸ்ஸுக்கான பவர்ஷெல் கட்டளைகள் 2012 பதிப்பில்தான் வந்தன. அப்போதும் விதிகளைப் பட்டியலிடும் கட்டளை வரவில்லை. ஆகவே ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சர்வராகப் போய் 'நெட்ஷ் என்பிஎஸ் ஷோ என்பி' என்று கேட்டு, கொட்டும் உரையிலிருந்து விதியின் பெயர், வரிசை எண், நிபந்தனை ஆகியவற்றைப் பொறுக்கி அட்டவணையாக்க வேண்டும். 2003 சர்வரிடம் 'நெட்ஷ் ஏஏஏஏ' என்று கேட்டால் மொத்த அமைப்பையும் ஒரே எழுத்துக் குவியலாக நீட்டும். அதைவிட வட்டெழுத்து எளிது.

எச்சரிக்கை: என்பிஎஸ் அமைப்பை எக்ஸ்போர்ட் செய்தால் கிடைக்கும் கோப்பில், வைஃபை, விபிஎன் கருவிகள் என்பிஎஸ்ஸுடன் பேசப் பயன்படுத்தும் ரேடியஸ் ரகசியச் சொற்கள் மறைப்பின்றிக் கிடக்கும். அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது ஆய்வு நெறியாகாது.

கண்டறிந்தவை: ஒன்று, விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே தீர்ப்பு. எனவே உச்சியில் ஒரு தளர்ந்த விதி உட்கார்ந்துவிட்டால், கீழே எத்தனை கறார் விதிகள் இருந்தும் அலங்காரமே. இரண்டு, 'டெஸ்ட்', 'டெஸ்ட் நியூ', 'டெம்ப்' என்று பெயர் சூட்டப்பட்டவையே நீண்ட ஆயுள் பெறுகின்றன. மூன்று, தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலைகள் வகுக்கிறது. சர்வர் விதிக்கு உள்ளது நடுதல் ஒன்றே.

விவாதம்: பக்கத்துச் செங்கம் வட்டாரத்தின் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இறந்த வீரன் கருந்தேவக்கத்தி. அவனோடு நின்று கள்ளர் இருவரைக் கடித்த நாயின் பெயர் கோவிவன். ஆக, ஏழாம் நூற்றாண்டில் அத்துமீறி நுழைந்தவரைத் தடுத்த நாய்க்கு ஆண்டு, பெயர், காரணம் மூன்றும் கல்லில் உண்டு. அதே வேலையை இன்று செய்யும் விதிக்கு 'டெஸ்ட்' என்ற பெயரைத் தவிர ஒன்றும் இல்லை.

முடிவு: ஸ்கிரிப்ட் விதியைச் சொல்லும், அதை வைத்தவரையும் காரணத்தையும் சொல்லாது. ஆகவே அட்டவணையில் 'யார், எப்போது, எதற்கு' என்று மூன்று கட்டங்களைக் கூடுதலாகப் போடுங்கள். பழைய அட்மின் ஓய்வு பெறும் முன் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவற்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.