ஹாலில் ஒரு கலிங்கல்

கண்ணாடியில் ஓர் ஓட்டை போடப் பயந்தால் மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு எங்கள் வீட்டு மீன் தொட்டிதான் அத்தாட்சி. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 255 லிட்டர். அதில் குடியிருப்பது கொளத்தூரில் வாங்கி வந்த சில தங்க மீன்கள். தின்பது, தின்றதை மறப்பது, மறுபடி தின்பது என்று ஒழுங்காக வாழ்கிறவை. அந்த வாழ்க்கையின் விளைவுகளை அரித்தெடுக்க, உள்ளே ஒட்டிவைக்கும் சின்ன ஃபில்டருக்குத் தெம்பு போதாது. தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்து, பஞ்சு, பயோபால் எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். சம்ப் என்பார்கள். கீழேயிருந்து தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் உண்டு. மேலேயிருந்து கீழே எப்படி வரும்?

கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டேன். தொட்டியைக் காலி செய்து கொண்டுவந்தால் டைமண்ட் பிட் வைத்துத் துளைத்துத் தருவதாகச் சொன்னார். “விரிசல் விட்டா நான் பொறுப்பில்ல சார்” என்பதையும் அதே மூச்சில் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை பிவிசி பைப் பக்கம் தள்ளியது.

ஏரி நிரம்பினால் உபரி நீர் கலிங்கல் வழியாகத் தானே வழிந்து போகும். யாரும் கரையை உடைக்க வேண்டியதில்லை. எனக்கும் அப்படியொரு கலிங்கல் வேண்டும். ஆனால் கரையைத் தொடக் கூடாது. தண்ணீர் அதன் மேலேறிக் குதித்துப் போக வேண்டும். அதற்கு சைஃபன்தான் வழி.

“இதுக்கு ஏன் மாப்பிள்ளை இவ்ளோ யோசிக்கிறீங்க? எங்க வீட்டு வசுதேவர் கிண்ணத்துல இருந்ததுதானே!” என்றார் மாமனார். கிண்ணத்தின் நடுவே குழந்தை கிருஷ்ணனைச் சுமந்துகொண்டு வசுதேவர் நிற்பார். தண்ணீர் ஊற்ற ஊற்ற மட்டம் ஏறும். குழந்தையின் கால் நனைந்ததும் யமுனை வழிவிட, மொத்தத் தண்ணீரும் அடி வழியாக இறங்கிவிடும். உள்ளே ஒளிந்திருப்பது வளைந்த குழாய். பக்திக்கு அது பொருத்தம், மீனுக்கு ஆகாது. ஒருமுறை இறங்க ஆரம்பித்தால் கிண்ணம் காலியாகும் வரை அது ஓயாது. கரண்ட் போய் மோட்டார் நின்றால் என் யமுனையும் வற்றி, தங்க மீன்கள் கரைசேர்ந்துவிடும்.

ஆகவே குழாய் கொஞ்சம் சுற்றி வளைத்துப் போக வேண்டும். தொட்டிக்குள் நீர்மட்டத்தில் வாய் திறந்து ஆரம்பித்து, கீழே இறங்கித் திரும்பி, மேலேறி, விளிம்பைத் தாண்டி, வெளியே இறங்கி, மறுபடி திரும்பி, உள்வாய்க்குச் சற்றுக் கீழ்மட்டம் வரை ஏறி ஒரு டீயில் முட்டி, அப்புறம்தான் சம்ப்பில் விழும். மோட்டார் நின்றால் நீர்மட்டம் உள்வாய் வரை இறங்கி அங்கேயே நின்றுவிடும். இரண்டு பக்கத்து வளைவுகளிலும் தண்ணீர் தங்கியிருப்பதால் காற்று புகாது. கரண்ட் வந்ததும் பழையபடி ஓடும். காகிதத்தில் பார்க்க அற்புதம்.

ஹார்டுவேர் கடையில் ஆறு எல்போ, ஒரு டீ, எண்ட் கேப், ஒரு இன்ச் பைப் என்று அடுக்கினேன்.

“கிச்சனுக்கா, பாத்ரூமுக்கா?”

“மீனுக்கு.”

கடைக்காரர் பையனைக் கூப்பிட்டு, “சாருக்குச் சொல்யூஷன் சின்ன டப்பா போதும்” என்றார். குரலில் ஓர் அனுதாபம் இருந்தது.

சொல்யூஷனின் குணம் தனி. தடவும்போது வழுக்கும்; செருகியதும் இறுகும். எல்போவைத் திருப்பி நேராக்க அது தரும் அவகாசம் சில விநாடிகள்தான். அதற்குள் வாசலில் யாராவது பெல் அடித்துவிட்டால், அந்த எல்போ ஆயுசுக்கும் சுவரைப் பார்த்தபடிதான் இருக்கும்.

பூட்டியாயிற்று. இனி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். வளைவின் உச்சியில் துளைத்துச் செருகிய மெல்லிய டியூபை வாயில் வைத்து, மெக்கானிக் பெட்ரோல் உறிஞ்சுவதுபோல உறிஞ்ச வேண்டும். தண்ணீர் உச்சிக்கு வந்ததும் டியூபின் குட்டி வால்வைச் சட்டென மூடிவிட வேண்டும். சட்டென்பது எவ்வளவு சீக்கிரம் என்பதை நாக்குதான் சொல்லும்.

தண்ணீர் ஓடியது. கூடவே சத்தமும் வந்தது. ராத்திரி முழுக்க ஹாலில் யாரோ ஃப்ளஷ் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். “ஏங்க, இந்தத் தொட்டிக்கு வயிறு சரியில்லையா?” என்றாள் மனைவி. விழும் தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுப்பதுதான் காரணம். திறந்திருந்த டீயின் தலையில் எண்ட் கேப் மாட்டி, அதில் சின்னத் துளை போட்டதும் சத்தம் முனகலாகக் குறைந்தது.

பாக்கியிருந்த ஒரே பரீட்சை, மின்தடை. அது நாம் தயாராக இருக்கும்போது வராது. நாங்கள் கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தபோது வந்தது. போனதால் பிரச்சினை இல்லை, திரும்பி வந்ததால்தான். வளைவின் உச்சியில் குமிழ் குமிழாகக் காற்று சேர்ந்து சைஃபன் அறுந்திருந்தது. மோட்டாருக்கு அது தெரியாது; அது பாட்டுக்குக் கீழே இருந்ததையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. இந்த அளவுத் தொட்டியில் ஒரு இன்ச் தண்ணீர் என்றால் 14 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு குடம். அப்படிச் சில குடங்கள் தொட்டி கொள்ளாமல் தரையில் இறங்கி, வாசற்படி தாண்டி, மாடிப்படி வழியே கீழ்வீட்டு மாமியின் கோலத்தை அடைந்திருந்தன.

மறுநாளிலிருந்து மனைவி வெள்ள நிலவரம் வாசிக்க ஆரம்பித்தாள். “செம்பரம்பாக்கத்துக்கு 24 அடி, நம்மளுக்கு ஒன்றரை அடி. உபரி நீர் திறக்கப்படுவதால் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” கரையோர மக்கள் என்றால் மாமிதான்.

இதற்கு மருந்து புதிய எல்போவில் இல்லை, கணக்கில் இருக்கிறது. சம்ப்பில் மோட்டார் இருக்கும் அறையில், மேல்தொட்டியின் விளிம்புவரை மிச்சமிருக்கும் இடத்தில் அடங்குகிற அளவுதான் தண்ணீர் வைக்க வேண்டும். சைஃபன் அறுந்தாலும் மோட்டார் அவ்வளவையும் ஏற்றிவிட்டு வெறும் காற்றை இழுத்துக் கத்தும், தரை நனையாது. அதேபோல, மோட்டார் நின்றதும் மேலேயிருந்து இறங்குகிற தண்ணீரைத் தாங்கச் சம்ப்பில் இடம் விட வேண்டும். தண்ணீர் மேலேறும் பைப்பில், நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் துளை; அது காற்றை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் பின்னோக்கி ஓடாது. ஆக, கண்ணாடியில் ஓர் ஓட்டையைத் தவிர்க்கப்போய், பைப்பில் மூன்று ஓட்டை.

அன்று முதல் ஒரு சொட்டுக்கூடக் கீழே போகவில்லை. ஆனாலும் கரண்ட் வந்த மறுநிமிஷம் மாமியின் ஃபோன் வந்துவிடும். “தம்பி, கரண்ட் வந்துடுத்து. தொட்டியைப் பாத்தியோ?” போன வாரம் மட்டும் வரவில்லை. கவலையாகி நானே கூப்பிட்டேன். மாமா எடுத்தார்.

“அவ பொண்ணாத்துக்குப் போயிருக்கா. பால் கணக்கு, கேஸ் புக்கிங், உங்க தொட்டி, மூணையும் எங்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிருக்கா. கவலைப்படாதே, கரண்ட் வந்ததுலேருந்து சீலிங்கையேதான் பாத்துண்டிருக்கேன்.”