தின்னர் ஊற்றிக் கழுவியவன்

அருப்புக்கோட்டையில் ஒரு பட்டறை. அங்கே ரெக்டிஃபையர் வெல்டிங் மெஷின் படுத்துவிட்டது. திறந்தேன். தூசியும் பிசுக்கும் அப்பி, தடித்த போல்ட் மாதிரி ஆறு டயோடுகள். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் என்ற மிதப்பு எனக்கு. ஆறையும் கழற்றி ஒரே டப்பாவில் போட்டு, தின்னர் ஊற்றிப் பளபளவென்று கழுவினேன். அழுக்கோடு நம்பரும் அம்புக்குறியும் போய்விட்டன. பெயரில்லாத சரக்கு வந்தால் கம்பெனிக்காரனைத் திட்டுகிற ஆள் நான். இந்த மொட்டை நானே அடித்தது.

மூன்று ஃபேஸ் பிரிட்ஜில் ஆறும் ஒரே ரகமாக இருக்காது. பிளஸ் தட்டில் இருக்கும் மூன்றுக்கு மரைப் பக்கம் கேதோடு. மைனஸ் தட்டில் இருப்பவற்றுக்கு மரைப் பக்கம் ஆனோடு. அப்படி இருப்பதால்தான் நடுவில் மைக்கா வைக்காமல் மூன்றை ஒரே அலுமினியத் தட்டில் முடுக்க முடிகிறது. இந்த இரண்டாம் ரகத்துக்குப் பெரும்பாலும் நம்பர் முடிவில் 'ஆர்' என்று ஓர் எழுத்து இருக்கும். நான் வழித்தெடுத்தது அந்த எழுத்தைத்தான். கைக்கு வந்தபடி மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஃபியூஸ் போன சத்தத்தில் எதிர்க்கடை டீ மாஸ்டர் ஆற்றிய டீயைத் தரையில் ஊற்றிவிட்டார்.

எனக்குத் திருச்சுழி. 1879-இல் அங்கே பிறந்த ரமணர், 'நான் யார்' என்று கேட்கச் சொன்னார். நான் இரண்டு நாள் டயோடைப் பார்த்து 'நீ யார்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பையில் மீட்டர் இருந்த நினைப்பு மூன்றாம் நாள்தான் வந்தது.

அதுவோ பழைய முள் மீட்டர். ஓம் ரேஞ்சில் அதன் உள் பேட்டரியின் பிளஸ் கறுப்பு வயரில் வரும். நான் சிவப்பு என்று நம்பி ஆறையும் பிரித்தேன். மூன்றுக்கு மூன்று, கச்சிதமாகத் தலைகீழ். மெஷின் ஓடியது! காசும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் பட்டறைக்காரர் வந்தார்.

"அண்ணாச்சி, ராடை பிளஸ்ல மாட்டுனா ஆழமாப் பிடிக்க மாட்டேங்குது. மைனஸ்ல மாட்டுன மாதிரியே எரியுது."

"ராடு நமுத்திருக்கும்" என்றேன். பாவம், புதுப் பாக்கெட் வாங்கினார். பிறகு ஒரு மத்தியானம், அவர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்துப் பெயின்ட்டும் பிரஷுமாகப் போய், பிளஸ்ஸை மைனஸாகவும் மைனஸைப் பிளஸ்ஸாகவும் மாற்றி எழுதிவிட்டு வந்தேன். டயோடைத் தொடவே இல்லை.

தட்டை வடை மாதிரி வரும் பெரிய டயோடின் கதை வேறு. எப்படி வைத்துப் பார்த்தாலும் முள் அசையவில்லை. "செத்துப்போச்சு" என்று பட்டறைப் பையனிடம் கொடுத்தேன். அவன் பில் பறக்காமல் மேலே வைத்தான். உள்ளே இருக்கும் சிலிக்கான் வில்லை, இரு பக்கமும் கிளாம்ப் வைத்து இறுக்கினால்தான் சரியாகத் தொடும். எனக்கு அது தெரியாது. பையன் விளையாட்டாக அதை வைஸில் வைத்து, இரண்டு பக்கமும் அட்டை கொடுத்து, செம்புத் தகடு செருகி முறுக்கினான். என் மீட்டரையே வைத்தான். முள் எழுந்தது. வயரை மாற்றி வைத்தான், படுத்தது.

"அண்ணாச்சி, செத்தது எந்திரிக்குமா?"

"மீட்டர்ல பேட்டரி வீக்குடா" என்றேன்.